வெளியே வந்த ஒன்றரை அங்குலம்

இது நடந்தது. கதை என்று சொல்வதுகூட எனக்குப் பிடிக்கவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் யாரையும் கெஞ்சப்போவதில்லை.

பேய் என்றால் நடு ராத்திரி, நாய் ஊளை, சுடுகாடு என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் மன்னிக்கவும். எனக்கு எல்லாமே பகலில் நடந்தது. ஷட்டர் திறந்திருந்தது. தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு நாள் தபால்காரர் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். ராத்திரி நடந்திருந்தால் தூக்கக் கலக்கம் என்று சொல்லித் தப்பித்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது.

நான் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷ அனுபவம். கையில் பிடித்துப் பார்க்க முடியாத எதையும் நம்பாத ஆள். இதையும் கையில் பிடித்துத்தான் பார்த்தேன். அதுதான் பிரச்சினை.

என் பட்டறை இருக்கும் தெருவின் முனையில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார். குழந்தைகள் டாக்டர். அவருடைய அப்பாவின் பழைய கார் ஒன்று ஒன்பது வருஷமாக வீட்டு ஷெட்டில் நின்றுகொண்டிருந்தது. என்னைவிட வயதில் மூத்த வண்டி. டாக்டரம்மாவின் அம்மா மலை மேல் இருக்கும் வீட்டில் இருக்கிறார். எண்பது வயதுக்குமேல் ஆகிறது. இனித் தனியாக இருக்க முடியாது. கீழே அழைத்து வர வேண்டும்.

"வேற எந்த வண்டியிலயும் ஏற மாட்டேங்குறாங்க" என்றார் டாக்டரம்மா. "அன்னைக்கு அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வரத்தான் இதுல போனாரு. பாதி வழியிலேயே... உங்களுக்குத் தெரியும்ல. அந்த வண்டி வந்தாதான் இறங்கி வருவேன்னு அம்மா பிடிவாதமா இருக்காங்க. சனிக்கிழமை போகணும். முடியுமா?"

எனக்குத் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த மலைப்பாதையில் என்ஜின் கொதித்து வண்டி நின்றது. பெரியவர் இறங்கி, பானெட்டைத் தூக்கிவிட்டு வளைவில் நின்றுகொண்டிருந்தார். மேலேயிருந்து வந்த லாரிக்கு அவர் தெரியவில்லை. காரில் ஒரு கீறல்கூட விழவில்லை.

"முடியும்மா" என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை.

"உங்க அத்தான்தான் கடைசியா இந்த என்ஜினை இறக்கி வேலை பார்த்தாரு" என்றார். "உள்ளே குழாய் எல்லாம் சுத்தம் பண்ணிப் போட்டிருக்கேன்னு அப்பாகிட்ட சொன்னாராம்."

அத்தான் என்றால் என் அக்காவின் புருஷன். பட்டறை அவருடையது. அவர் போய் ஏழு வருஷம் ஆகிறது. சர்க்கரை வியாதி என்றார்கள். அதற்கு முந்தைய இரண்டு வருஷம் அவர் எந்த என்ஜினையும் தொடவில்லை, ஏன் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. நான் அப்போது வேறு ஊரில் பஸ் டிப்போவில் இருந்தேன். அவர் போன பிறகு அக்கா கூப்பிட்டாள், வந்தேன். அன்றிலிருந்து தினமும் ஒருவராவது என்னிடம் சொல்லிவிடுவார்கள்: 'உங்க அத்தான் இருந்தா இந்நேரம் முடிச்சிருப்பாரு.' கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அந்தக் குழாயைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிப் பழைய என்ஜின்களில் வாட்டர் பம்புக்குப் பின்னால், பிளாக் என்கிற என்ஜினின் இரும்பு உடம்புக்கு உள்ளே, நீளவாக்கில் ஒரு பித்தளைக் குழாய் இருக்கும். தட்டையான குழாய். ஒரு கை நீளம். பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள். பம்ப் தள்ளும் தண்ணீரைக் கடைசி சிலிண்டர்வரை சமமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இதுதான். இது கெட்டால் என்ஜினின் முன்பக்கம் குளிர்ந்திருக்கும், பின்பக்கம் கொதிக்கும். ஊருக்குள் ஓட்டினால் தெரியாது. மலை ஏறினால் தெரியும்.

வெளியே எடுக்க ஒரே வழி, முன்பக்கமாக இழுப்பதுதான். பின்பக்கம் கெட்டியான இரும்புச் சுவர். அந்தப் பக்கத்திலிருந்து யாரும் எதையும் பிடிக்க முடியாது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்து, ஒன்பதரைக்கு ரேடியேட்டரைக் கழற்றினேன். சுக்காகக் காய்ந்துகிடந்தது. பதினொன்று இருபதுக்கு வாட்டர் பம்ப் கையோடு வந்தது. டார்ச் அடித்தேன். குழாயின் வாய் தெரிந்தது. மங்கிய பித்தளை. துரு அதிகமில்லை. அரை மணி நேர வேலை என்று நினைத்துக்கொண்டு விரலை வைத்தேன்.

ஈரமாக இருந்தது.

துருவுக்கு அடிக்கும் ஸ்பிரே விரலில் பட்டிருக்கும் என்று துடைத்துக்கொண்டேன். ஸ்பிரே டப்பாவை அதுவரை நான் திறக்கவே இல்லை என்பது பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது.

குறடால் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. ஸ்பிரே அடித்து, அரை மணி நேரம் காத்திருந்து, மறுபடி இழுத்தேன். அசையவில்லை. பூட்டிக்கொள்ளும் கிரிப் பிளையரை மாட்டி, இரண்டு காலையும் பம்பரில் உதைத்துக்கொண்டு இழுத்தேன். பிளையர் வழுக்கிப் பின்னால் போய் விழுந்தேன். முழங்கையில் தோல் போனது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சுத்தம் செய்து போட்ட குழாய் இப்படியா இறுகும்? 'அத்தான் வேலைன்னா சும்மாவா' என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒன்று இருபதுக்கு நகர்ந்தது. கிரீச்... என்று ஒரு சத்தம். அளந்து பார்த்தேன். ஒன்றரை அங்குலம் வெளியே வந்திருந்தது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. இறுகிப்போன எதை இழுத்தாலும், அது எவ்வளவு நகர்கிறது என்று தெரிவதற்கு அரத்தால் ஒரு கோடு போட்டுவிடுவேன். சாக்பீஸ் கோடு எண்ணெயில் அழிந்துபோகும், அரம் போட்ட கோடு அழியாது. பிளாக்கின் முகத்தை ஒட்டி, குழாயின் மேல்பக்கம் ஒரு கோடு போட்டேன். நான் இடதுகைக்காரன். என் கோடு எப்போதுமே வலதுபக்கம் சாய்ந்துதான் விழும். இந்தக் கோட்டில் அரம் வழுக்கி, முனையில் சின்னதாக ஒரு வாலும் விழுந்தது. அப்போது மணி ஒன்று இருபத்தைந்து.

அக்கா பட்டறைக்கு மேல் மாடியில் இருக்கிறாள். சாப்பிட்டுவிட்டு இரண்டு பத்துக்கு இறங்கி வந்தேன்.

குழாய் உள்ளே போயிருந்தது.

ஒன்றரை அங்குலமும். கோட்டையும் காணவில்லை.

பக்கத்துக் கடையில் லேத் போட்டிருப்பவர் விளையாட்டுப் பேர்வழி. ஒருமுறை என் செருப்பை வெல்டிங் தட்டோடு சேர்த்து ஒட்டியவர். நேராக அவரிடம் போனேன்.

"குழாயை உள்ளே தட்டி விட்டது நீங்கதானே அண்ணே?"

"எந்தக் குழாயை?"

"நடிக்காதீங்க. ரெண்டு மணி நேரம் இழுத்திருக்கேன்."

அவர் லேத்தை நிறுத்தினார். "காலைலேர்ந்து இந்த ஷாஃப்ட்டைத்தான் கடைஞ்சுக்கிட்டு இருக்கேன் தம்பி. சாப்பிடக்கூடப் போகல. பாரு, டிபன் டப்பா மூடியபடியே இருக்கு."

டப்பா மூடியபடிதான் இருந்தது. எனக்கு எரிச்சல்தான் அதிகமானது.

அன்று மாலை ஆறு மணிவரை இழுத்தேன். கிணற்றில் போட்ட கல் மாதிரி கிடந்தது.

புதன்கிழமை காலை ஒன்பது ஐந்துக்கு ஷட்டரைத் தூக்கினேன். குழாயின் வாயில் விரல் வைத்தேன்.

சூடாக இருந்தது.

என்ஜின் முழுக்கக் குளிர்ந்துகிடந்தது. பிளாக் குளிர்ச்சி. பம்பர் குளிர்ச்சி. குழாய் மட்டும் சூடு. இப்போதுதான் ஓடி நின்ற வண்டி போல. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தேன். அந்த மூலையில் வெயில் விழாது. அதையும் யோசிக்காமல் வேலையைத் தொடர்ந்தேன். சனிக்கிழமை என் தலைக்குமேல் நின்றது.

அத்தானிடம் இந்தக் குழாய்க்கென்றே ஒரு கொக்கி இருந்தது. நீளக் கம்பி, முனையில் மடக்கிய பல். அவரே செய்தது. குழாயின் துளையில் மாட்டி இழுக்கலாம். அது பட்டறையின் கடைசியில் இருக்கும் இரும்புப் பீரோவில் இருக்க வேண்டும். அந்தப் பீரோ அத்தான் உயிரோடு இருந்தபோதே பூட்டியது. சாவி அக்காவிடம். பத்தரை மணிக்கு மாடி ஏறிப்போய்க் கேட்டேன்.

"வேண்டாம்டா" என்றாள்.

"ஒரு கொக்கிதான்க்கா. எடுத்துட்டுப் பூட்டிடறேன்."

"திறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

"ஏன்?"

"நான் கேட்கல."

"எனக்குச் சனிக்கிழமை வண்டி குடுக்கணும்க்கா."

"வேற ஏதாவது பண்ணேன்."

வேற ஏதாவது பண்ண வேண்டுமாம். இறங்கும்போது படியை நான் மிதித்த மிதியில் கைப்பிடிச் சுவரே அதிர்ந்திருக்கும். செத்துப்போனவர் சொன்ன சொல்லுக்கு இருக்கும் மரியாதை உயிரோடு இருப்பவன் வேலைக்கு இல்லை. அப்போது எனக்கு அப்படித்தான் தோன்றியது.

பிளாக்கைச் சுற்றி நெருப்புக் காட்டினேன். மெழுகு உருக்கி விட்டேன். பன்னிரண்டு மணிக்கு லேத்துக்காரரே வந்தார். "தள்ளு, இது நெளிவு சுளிவு தெரிஞ்சவங்க வேலை" என்று சட்டையைக் கழற்றிவிட்டுப் பெரிய கிரிப் பிளையரை மாட்டினார். அவர் கை உடும்புப் பிடி. இழுத்தார். குழாய் கொஞ்சம் வந்தது. கால் அங்குலம் இருக்கும்.

பிறகு... அவர் கை முன்னால் போனது.

அவராகப் போகவில்லை. பிளையரோடு அவர் கையைக் குழாய் உள்ளே இழுத்தது. மெதுவாக. அவர் பிளையரை விட்டுவிட்டு எழுந்தார். சட்டையைப் போட்டுக்கொண்டார். பொத்தான் மாறிப்போயிருந்தது.

"அந்தப் பக்கம் என்ன இருக்கு தம்பி?"

"சுவர்தான். இரும்பு."

"உள்ளே யாரோ பிடிச்சிருக்காங்க" என்றார். வண்டிக்கு முதுகைக் காட்டாமல் பின்வாங்கியே வெளியே போனார். இரண்டு நாள் அவர் கடையில் லேத் ஓடவில்லை.

அன்று மூன்று நாற்பதுக்கு அந்தச் சத்தத்தை முதல்முறை கேட்டேன்.

டக் டக்... டக்.

பிளாக்குக்கு உள்ளேயிருந்து.

சூடான இரும்பு ஆறும்போது சத்தம் போடும். அது எனக்குத் தெரியும். அப்படியே நினைத்துக்கொண்டு கை கழுவினேன். சோப்பு இரண்டு முறை வழுக்கி விழுந்தது. அதற்கும் களைப்பு என்று பெயர் வைத்தேன்.

வியாழக்கிழமை காலையிலிருந்து மழை. பதினொன்றரைக்கு மின்சாரம் போனது. டார்ச் வெளிச்சத்தில் வேலை. சைக்கிள் கம்பியை மடக்கி நானே ஒரு கொக்கி செய்தேன். வளைந்துபோனது. இன்னொன்று செய்தேன். உடைந்தது. உடைந்த துண்டைக் குறடால் எடுக்க இரண்டு மணி நேரம். நகம் பெயர்ந்தது. பிளாக் விரிசல் விட்டால் மாற்று பிளாக் எங்கேயும் கிடைக்காது என்ற பயம் வேறு. மூன்று நாள். ஒரு குழாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்பானரைத் தரையில் வீசி எறிந்தேன்.

பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். இதை மறைக்கப்போவதில்லை. என் வாழ்க்கையிலேயே கேவலமான முடிவு அது.

குழாய் உள்ளேயே கிடக்கட்டும். பம்பை மாட்டி மூடிவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் எந்தக் கொம்பனுக்கும் தெரியாது. ஒரே ஒரு மலைதானே, மெதுவாக ஓட்டச் சொல்லலாம்.

மூன்று ஐந்துக்கு டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன்.

"குழாய் மாத்திட்டேன்மா. நாளைக்கு ஸ்டார்ட் பண்ணிடலாம்."

"ரொம்ப நன்றி" என்றார். "அம்மாகிட்ட இப்பவே சொல்லிடறேன்."

போனை வைத்தேன். தண்ணீர் கசியாமலிருக்க வைக்கும் பேக்கிங் அட்டையை ஒட்டினேன். பம்பை வைத்தேன். முதல் போல்ட்டை முறுக்கினேன். இரண்டாவது. மூன்றாவது. நான்காவது.

டக் டக்...

டக்.

ஸ்பானர் என் கையிலேயே நின்றது.

அத்தான் யாரையும் கத்திக் கூப்பிட மாட்டார். ஆள் வேண்டுமென்றால் கையில் இருக்கும் ரிங் ஸ்பானரால் இரும்பில் தட்டுவார். இரண்டு தட்டு. ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு ஒரு தட்டு. டிப்போவில் சேர்வதற்கு முன்னால் நான் அவரிடம் வேலை பார்த்த மூன்று வருஷமும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார். அதைக் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும்.

டக் டக்... டக்.

மழைச் சத்தம் என்று சொல்லிக்கொண்டேன்.

டக் டக்... டக்.

பம்பின் மேல் கை வைத்தேன். உள்ளங்கையில் அந்தத் தட்டு அதிர்ந்தது.

"அத்தான்..." என்றேன். வாய் தானாகச் சொன்னது.

சத்தம் நின்றது.

போல்ட்டைப் பார்த்தேன். நான் முழு பலத்தோடு முறுக்கிய முதல் போல்ட். விரல் பட்டதும் சுழன்றது. இரண்டாவதும். மூன்றாவதும். நான்காவதும்.

நான்கும் தளர்ந்திருந்தன.

பம்பை எடுத்தேன். டார்ச் அடித்தேன்.

குழாய் இல்லை.

வெறும் பள்ளம். சுத்தமாக. கடைசிச் சுவர்வரை வெளிச்சம் போய் விழுந்தது.

கம்பியை விட்டுப் பார்த்தேன். ஒரு கை நீளம் போனது. எதிலும் தட்டவில்லை. சுவரில் போய் முட்டியது.

மூன்று நாள் நான் எதை இழுத்தேன்?

படியில் காலடிச் சத்தம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா. ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி கடைசிப் படியில் நின்றாள்.

"நீயா தட்டினே?" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று.

அவள் கொஞ்ச நேரம் காரையே பார்த்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து நீட்டினாள். மணி மூன்று இருபத்தைந்து.

பூட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. எண்ணெய் விட்டு, சாவியைக் குறடால் பிடித்துத் திருப்ப வேண்டியதாயிற்று. கதவின் இடுக்கெல்லாம் ஒட்டடை, ஒரு நூல்கூட அறுந்திருக்கவில்லை. திறந்ததும் கொக்கி கண்ணில் பட்டது. ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, பழைய படுக்கை விரிப்புத் துணியில் சுற்றி, நாடாவால் கட்டிய ஒரு மூட்டை. நீளமாக. ஒரு கை நீளம்.

"இது நான் கட்டினது" என்றாள் அக்கா. "என் முடிச்சு."

முடிச்சு இறுகிப்போயிருந்தது. அவளே பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

உள்ளே பித்தளைக் குழாய்.

அதில் ஒரு அட்டை கட்டியிருந்தது. அத்தானின் கையெழுத்து. டாக்டரம்மாவின் கார் எண். தேதி, பெரியவர் இறந்ததற்கு முந்தைய நாள். அதற்குக் கீழே ஒரு வரி: 'போட மறந்துவிட்டேன். காலையில் முதல் வேலையாக வண்டியைத் திரும்ப வரவழைக்க வேண்டும்.'

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். சுத்தம் செய்வதற்காக எடுத்து வைத்த குழாயைத் திரும்பப் போடாமலேயே அவசரத்தில் என்ஜினை மூடியிருக்கிறார். சாயங்காலம் வண்டி போய்விட்டது. ராத்திரி மேஜையைத் துடைக்கும்போதுதான் குழாயைப் பார்த்திருக்கிறார். மறுநாள் காலையில் இவர் கூப்பிடுவதற்குள் பெரியவர் மலைக்குக் கிளம்பிவிட்டார்.

"பதினோரு மணி போல பெரியவர்கிட்டேயிருந்து போன் வந்துச்சு" என்றாள். "வண்டி கொதிக்குதுன்னு. ஓரமா நிறுத்திட்டு அங்கேயே நில்லுங்க, நான் வரேன்னு இவர் சொன்னாரு. இந்தக் குழாயைக் கையில தூக்கிட்டு ஓடினாரு. சாயங்காலம் இதோட திரும்பி வந்தாரு. கட்டிக் குடுன்னாரு. கட்டிக் குடுத்தேன். அப்புறம் இவர் எதையும் தொடல."

மழை விடவே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் அந்தக் குழாயை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"டாக்டரம்மாவுக்குத் தெரிய வேண்டாம்டா" என்றாள் அக்கா. "செத்தவரு பேரைக் கெடுக்காதே. குழாயைப் போட்டு மூடிடு. வண்டி நல்லா ஓடும்ல?"

ஓடும். நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் அரை மணி நேரத்துக்கு முன்னால் அதே வாயால் ஒரு பொய் சொல்லி, அதே என்ஜினை நானும் மூடினேன். குழாய் இல்லாத என்ஜினை. அந்தத் தட்டு மட்டும் கேட்காமல் இருந்திருந்தால், சனிக்கிழமை அதே மலையில், அதே வளைவில்... ஒரு கிழவியும் அவள் மகளும். அத்தானாவது மறந்துபோய்ச் செய்தார். நான் தெரிந்தே செய்தேன்.

"நான் சொல்லிடப்போறேன்க்கா" என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. முகத்தை மூடிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு கிளினிக் திறப்பதற்கு முன்னால் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் பொய்யையும் சேர்த்து. தட்டிய சத்தத்தையும் பீரோவைத் திறப்பதற்கு முன்னால் நடந்ததையும் மட்டும் சொல்லவில்லை. பைத்தியம் என்று நினைப்பார். குழாய் உள்ளே இல்லை, அத்தானின் பீரோவில் இருந்தது என்று மட்டும் சொன்னேன்.

டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை மேஜையில் வைத்து நேராக்கிக்கொண்டே இருந்தார்.

"அப்பா கடைசியா பேசினது உங்க அத்தான்கிட்டதான்" என்றார். "என்ன பேசினாங்கன்னு அவர்கிட்ட கேட்கணும்னு இருந்தேன். என்னைப் பார்த்தாலே எதிர்ப்பக்கம் போயிடுவாரு."

நான் வெளியே கிளம்பினேன்.

"மூடறதுக்கு முன்னாடி நான் பார்க்கணும்" என்றார்.

அன்று மாலை நாலு மணிக்கு வந்தார். அக்காவும் இறங்கி வந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எப்படியோ மோப்பம் பிடித்து லேத்துக்காரரும் வந்து, வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

மழை விட்டு நல்ல வெளிச்சம். குழாயை எடுத்தேன். முந்தின நாள் மாலை துணியால் ஒருமுறை துடைத்து வைத்ததோடு சரி, அதன் பிறகு பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை. முனையைப் பள்ளத்தில் வைத்துத் தள்ளினேன். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. இரண்டே விரலால் தள்ளினேன். மூன்று நாள் என்னை அழவைத்த இடம் அதுதானா என்று இருந்தது.

முக்கால்வாசி போனது. இன்னும் போனது.

நின்றது.

கொஞ்சம் அழுத்தினேன். போகவில்லை. இன்னும் சிறு துண்டு வெளியே இருந்தது. எனக்கு அதை அளந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை. என் கை உடனே கண்டுபிடித்துவிட்டது. ஒன்றரை அங்குலம்.

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். ஊசி முனை அளவு தடிப்பைக்கூடக் கண்டுபிடிக்கிற கண் அவருக்கு.

"இது என்ன கோடு?" என்றார்.

குழாய் முழுவதும் கறுத்துப்போன பித்தளை. பிளாக்கின் முகத்தை ஒட்டி, மேல்பக்கம், ஒரே ஒரு கோடு மட்டும் புதுத் தங்கம் மாதிரி மின்னியது. அரம் போட்ட கோடு. வலதுபக்கம் சாய்ந்திருந்தது. முனையில் சின்னதாக ஒரு வால்.

குழாயின் வாயில் இரண்டு கிரிப் பிளையர்களின் பல் பதிந்திருந்தது. ஒன்று என்னுடையது, சின்னது. இன்னொன்று பெரியது.

வாசலில் நின்ற லேத்துக்காரர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு அவர் அங்கே இல்லை.

அக்கா முன்னால் வந்தாள். ஒரு விரலைக் குழாயின் வாயில் வைத்தாள்.

"போதும்ங்க" என்றாள். "விடுங்க."

என்னிடம் பேசும் குரல் இல்லை அது.

குழாய் தானாக உள்ளே போய் உட்கார்ந்தது.

சனிக்கிழமை வண்டி மலை ஏறி, அந்தம்மாவை ஏற்றிக்கொண்டு, சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்பி வந்தது. வெப்ப முள் பாதிக்கு மேல் ஏறவே இல்லையாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இருந்தாலும் இன்றைக்கும் ஒரு விஷயத்தை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

அந்தக் கோட்டை நான் போட்டது செவ்வாய்க்கிழமை பகல் ஒன்று இருபத்தைந்துக்கு. அந்தப் பீரோவின் பூட்டு ஒன்பது வருஷத்துக்குப் பிறகு திறந்தது வியாழக்கிழமை மூன்று இருபத்தைந்துக்குமேல்தான்.